இரண்டு கோரா, நான்கு கோரா: சித்திக்கு ஓர் உண்மை அறிக்கை

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் கேட்டபடி, நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் மறைக்க மாட்டேன். இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருப்பதும் பெரியப்பாவுக்கு முதுகு பிடித்திருப்பதும் நோயால் வந்தவை அல்ல, உங்களுக்கு அனுப்பப்போகும் கம்ப்யூட்டரால் வந்தவை. உங்கள் நலத்தையும், போட்டோ ஸ்டுடியோ வேலையை விட்டபின் நீங்கள் சொந்தமாகப் பிடித்திருக்கும் அந்த முதல் ஆல்பத்தின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

"எங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல எது நல்லதோ அதை எடுத்துக்கட்டும்" என்று அப்பாவும் பெரியப்பாவும் சொன்னபோது, "எது நல்லதுன்னு அவளை எழுதச் சொல்லுங்க, அந்த வீட்ல பொய் சொல்லத் தெரியாதவ அவ ஒருத்திதான்" என்று நீங்கள் போனில் சொன்னீர்களாம். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வண்டி வரும், திங்கட்கிழமை நீங்கள் வேலையை ஆரம்பிக்க வேண்டும், தப்பான பெட்டியை அனுப்பினால் நாற்பது பக்க ஆல்பம் சொன்ன நாளுக்குள் முடியாது, அந்த வாடிக்கையாளர் பழைய ஸ்டுடியோவுக்கே திரும்பிவிடுவார், எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மிஞ்சுகிற பெட்டி எனக்கு. நான் பதினான்கு அத்தியாயம் எழுதியிருக்கும் துப்பறியும் கதையை அதில்தான் முடிக்க வேண்டும். எனவே நான் ஆசையில்லாத நடுவர் அல்ல.

இரண்டு கம்ப்யூட்டரிலும் இருப்பவை பழைய ப்ராசஸர்கள், வாங்கிய காலத்திலேயே கடையில் இருந்ததில் மலிவானவை. அப்பாவுடையதில் இரண்டு கோர், அதாவது உள்ளே இரண்டு வேலையாட்கள், சுறுசுறுப்பானவர்கள். மாடியில் இருக்கும் பெரியப்பாவுடையதில் நான்கு பேர், நிதானமானவர்கள். பெரியப்பா கட்டட மேஸ்திரி அல்லவா, "நாலு ஆளுடா தம்பி, ஒருத்தன் டீ குடிக்கப் போனாலும் மூணு பேர் கலவை போடுவான்" என்றார். அப்பா விளையாட்டு வாத்தியார் அல்லவா, "நாலு ஆமையை ரிலே ஓட விட்டா கப்பு வந்துடுமா அண்ணே?" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "இந்த வீட்லயும்தான் நாலு கோர் இருக்கு. பாத்திரம் ஒண்ணுதான் கழுவுது" என்றார். கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கேட்டேன். எந்தப் பெட்டியையும் இரண்டு விரலால் தட்டிப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார் என்பதால் அவரைத் தெருவில் டாக்டர் என்பார்கள். அவர், "ஒரே ஒரு போட்டோவைத் திறக்கணும்னா அப்பாவோடது. இருபது போட்டோவை ஒரே மூச்சுல மாத்தணும்னா பெரியப்பாவோடது" என்றார். அப்பா முதல் வாக்கியத்தோடு எழுந்து போய்விட்டார், பெரியப்பா இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ஆகவே போட்டி வைப்பது என்று முடிவாயிற்று.

போட்டி என்றால் நியாயமாக நடக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் என்று அப்பா சட்டம் போட்டார். டாக்டர் இல்லாத நேரத்தில் அவர் கடைக்குப் போய், அலமாரியில் இருந்த ஒரு குட்டிப் பெட்டியைச் சீட்டு எழுதி வைத்துவிட்டு எடுத்து வந்தார். இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் மாட்டிவிட்டால், பட்டனை ஒரு தடவை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து அப்பாவுடையது திரைக்கு வரும், இன்னொரு தடவை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்து பெரியப்பாவுடையது வரும். இரண்டிலும் டாக்டர் போன மாதமே ஒரே புரோகிராம், ஒரே போட்டோக்கள் எல்லாம் ஏற்றி ஒரே முகமாக வைத்திருந்ததால் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. அப்பா ஸ்டாப்வாட்சை எடுத்தார், விசிலை ஊதினார், பக்கத்து வீட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் சுற்றில் பள்ளி விளையாட்டு விழாவின் பெரிய குழுப் படத்தைத் திறக்க வேண்டும். சிவப்பு விளக்கு முதலில், நாற்பத்தொரு விநாடி. பிறகு பச்சை, பன்னிரண்டே விநாடி. பெரியப்பா மேசையைத் தட்டி, "நாலு ஆளு" என்றார். இரண்டாம் சுற்றில் வேறு படம், பச்சை முதலில், முப்பத்தொன்பது. பிறகு சிவப்பு, பதினொன்று. அப்பா தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஒரு சுற்று ஓடி வந்தார். இப்படி மூன்று நாளில் ஆறு சுற்று, ஆறு படம், ஆளுக்கு மூன்று வெற்றி. ஆறிலும் இரண்டாவதாக வந்தவர்தான் ஜெயித்தார் என்பதை நோட்டில் அடிக்கோடிட்டு அப்பாவிடம் காட்டினேன். "பிரஷர்மா. முதல்ல ஓடுறவனுக்கு எப்பவும் பிரஷர் இருக்கும்" என்று விளக்கினார், அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆறாவது சுற்று முடிந்ததும் பெரியப்பா குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்து இரண்டு பெட்டியையும் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் முதுகு பிடித்தது. வெளியே வர முடியாமல் அங்கிருந்தே, "டேய், உன்னோடது இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்குது. என்னோடது பாரு, ஜில்லுனு இருக்கு, ஆறு சுத்து ஓடியிருக்கு, ஒரு சொட்டு வேர்வை இல்ல" என்றார். அப்பாவும் நானும் அவரை வெளியே இழுத்தோம். அம்மா, "வேலை செய்யாம இருந்தா நானும் ஜில்லுனுதான் இருப்பேன்" என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டார்.

இனி என் சொந்த விஷயம். மூன்றாம் சுற்றில் பச்சை விளக்கு எரியும்போது திரையின் மூலையில் என் கதை இருந்தது. பதினான்கு அத்தியாயமும். அது அப்பாவின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருப்பது. பெரியப்பாவுடையதிலும் இருக்கிறது என்றால், எனக்குத் தெரியாமல் அவர் அதை எடுத்து வைத்துப் படித்து வருகிறார் என்றுதானே அர்த்தம். இதுவரை என் கதையை யாரும் படித்ததில்லை, சித்தி. கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை, ஆனால் அன்று முழுவதும் அவருக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகவே என் தீர்ப்பு: வேகத்தில் இரண்டும் சமம். மதிப்பிலும் சமம். உங்களுக்கு அப்பாவின் இரண்டு கோர் வரட்டும். பெரியப்பாவின் நான்கு கோர் என்னிடம் இருக்கட்டும். காரணம் ப்ராசஸர் இல்லை, மேலே சொன்ன பத்திதான் என்பதையும் மறைக்கவில்லை.

உங்கள் கை சோராமலும் கண் வலிக்காமலும் ஆல்பம் முடியட்டும் என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை வந்ததால் அகர வரிசையில் எழுதுகிறேன்: அப்பா, அம்மா, பெரியப்பா. அகர வரிசையே அப்பாவின் ஆள் என்கிறார் பெரியப்பா.

பணிவும் அன்பும் உள்ள,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே உள்ள தீர்ப்பை நம்ப வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் சீட்டும் கையுமாக வந்தார். "சார், ரிப்பேர் தட்டுல இருந்ததை எதுக்கு எடுத்தீங்க? இந்தப் பட்டன் செத்து ஆறு மாசம் ஆச்சு. விளக்கு மட்டும்தான் மாறும்" என்றார். அப்போது மூன்று நாளாக நாங்கள் பார்த்தது எதை என்று அப்பா கேட்டார். டாக்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்து, "உங்களோடதை மட்டும்தான். ஒரே படத்தை ரெண்டாம் தரம் திறந்தா எந்தக் கம்ப்யூட்டரும் டக்குனு திறக்கும் சார், அதுக்கு ஞாபகம் இருக்கும்ல" என்றார். அப்பா, "அப்ப ஆறு சுத்துலயும் ஜெயிச்சது என் கம்ப்யூட்டர்தான்" என்றார். "ஆறு சுத்துலயும் தோத்ததும் அதுதாண்டா" என்றார் பெரியப்பா. அம்மா, ஜில்லென்று இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் கையாலேயே ஒயரை மாற்றி மாற்றிச் சோதித்தார். ஒரு படம்: அப்பாவுடையது நாற்பது விநாடி, பெரியப்பாவுடையது நாற்பத்தாறு. இருபது படத்தை ஒன்றாகத் திருத்துவது: அப்பாவுடையது ஒன்பது நிமிடம், பெரியப்பாவுடையது ஐந்து. அவர் முதல் நாள் சொன்னதேதான். உங்கள் ஆல்பத்துக்கு நான்கு கோர் வருகிறது, சனிக்கிழமை இறக்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் என் கதை இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் தண்ணீர் கொடுத்த காரணத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை பக்கம்?" என்றார். "அறுபத்திரண்டு பெரியப்பா." "படம் போட்டிருக்கியா?" "இல்ல." "சரி, பரவாயில்ல. திற" என்றார். நாற்பது விநாடியெல்லாம் ஆகவில்லை, உடனே திறந்தது. இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறார், முதுகுக்குத் தலையணை வைத்திருக்கிறோம். பதினான்காம் அத்தியாயத்தில் திருடன் ஒரு மேஸ்திரி என்று தெரியவரும், சித்தி. மாற்றலாமா என்று யோசித்து, மாற்றவில்லை. மேசை மூலையில் அந்தக் குட்டிப் பெட்டி இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அம்மா வந்து அதன் ஒயரை உருவி விளக்கை அணைத்துவிட்டார்.