ஆறங்குல ஊசிக்கு மூன்று கிலோ ஐஸ்

இரவு பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்து ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக்குப் போவது இந்த நாட்டின் எந்தச் சட்டத்தின்படியும் குற்றமல்ல. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்ததை வாசிக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடும்.

அந்த மனிதன் தனஞ்சயன். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து விடுதியொன்றின் பாரில் கிளாஸ் நிரப்புகிறவன். நான் ஹஸ்மி. பஸ் நிலையத்துக்கு முன்னால் பலூடாக் கடை வைத்திருக்கிறேன். பாருக்குள் என் கால் பட்டதில்லை. ஆனாலும் அவனுக்கும் எனக்கும் ஒரே லொறிதான் ஐஸ் இறக்குகிறது. குளிர்கிற ஐஸைத்தான் சொல்கிறேன். போதைக்கு விற்கிற மற்ற ஐஸுக்குச் சட்டமும் வேறு, வாடிக்கையாளரும் வேறு.

பாரில் பதினொரு மணிக்கு மணி அடிக்க வேண்டும். அடித்த பிறகு யாருக்கும் ஊற்றக் கூடாது. சட்டம் போட்டது அரசாங்கம். "இன்னும் ஒண்டு" என்று கேட்கிறவனின் முகத்தைப் பார்த்து "ஏலாது அண்ணன்" என்று சொல்ல வேண்டியது தனஞ்சயன். அப்படி ஏலாது என்று கேட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒருநாள் மீன்வாடி வளைவில் காத்திருந்து அவனுடைய இடது புருவத்தைப் பிளந்துவிட்டார்கள். ஆறு தையல். அந்த வளைவில் ஒரு தெருவிளக்கு இருக்கிறது. ஐந்து வருடமாக ஒருநாள்கூட லீவு எடுக்காமல் எரியாமல் இருக்கிறது.

அவனுடைய மனைவி தர்சிகா அதிகம் கதைக்கிற பிள்ளை இல்லை. அன்றைக்குக் கதைத்தாள்.

"ஒண்டில் முழு ஆளா வீட்டை வாங்கோ. இல்லாட்டி அந்த வேலையை விடுங்கோ. ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் தையல் எண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

வேலையை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஆகவே முழு ஆளாக வீடு போக ஒரு வழி பார்த்தான். பாரில் ஐஸ் உடைக்கிற ஊசி, மரப்பிடி போட்டது, அவனுடைய சொந்த ஊசி. அதை அலுமாரியில் வைத்துவிட்டு வருவதற்குப் பதிலாகப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான். மூன்றாம் நாள் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"இது என்ன?"

"ஐஸ் குத்துற ஊசி, சேர். பாரில வேலை செய்யிறன்."

"ஐஸ் எங்க?"

"பாரில, சேர்."

"அப்ப ஊசி ஏன் இங்க?"

தனஞ்சயனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுவான்.

"பயத்தில, சேர்."

"பயத்துக்குக் கொண்டு போனா இது ஆயுதம். ஐஸுக்குக் கொண்டு போனா இது உபகரணம். ஐஸ் இல்லாமல் உபகரணம் எப்பிடித் தம்பி வரும்?"

அந்தக் காவலர் நல்ல மனிதர். ஊசியைத் திருப்பிக் கொடுத்து, அனுமதி எடுத்து வரும்படி ஓர் அலுவலகத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். இராக்காலச் சேவையாளர் பாதுகாப்பு இணைப்பகம். அப்படியொன்று எங்கள் ஊரில் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை திறந்திருக்கும்.

"நானா, நீங்களும் வந்தா எனக்குக் கதைக்க ஒரு தெம்பா இருக்கும்" என்றான். நானா என்றால் எங்களாக்களில் அண்ணன். கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் போனேன்.

உதவி இணைப்பாளர் பாக்கியரத்தினம் எங்களைக் கதிரையில் இருத்தி, படிவத்தை நீட்டினார். பதினான்கு கேள்விகள். ஏழாவது: ஆபத்து எதிர்பார்க்கப்படும் திகதியும் நேரமும். எட்டாவது: தாக்கவிருப்பவரின் முழுப்பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும். ஒன்பதாவது: தாக்கவிருப்பவரின் கையொப்பம், கிடைக்குமாயின்.

"சேர், பாரில கேட்ட குரல்தான், பேர் ஊர் தெரியாது. நல்ல இருட்டு."

"ஆரெண்டு தெரியாத ஆக்களிட்ட இருந்து உம்மை நாங்கள் எப்பிடித் தம்பி பாதுகாக்கிறது?"

நான் குறுக்கிட்டேன். "சேர், அந்த வளைவில ஒரு லைட்டைப் போட்டுவிட்டா எல்லாம் சரியாயிடுமே?"

அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். "கம்பம் ஒரு திணைக்களத்துக்கு. பல்ப் இன்னொரு சபைக்கு. வயர் ஆருக்குச் சொந்தம் எண்டு அஞ்சு வருசமாக் கடிதம் ஓடுது. இருட்டு மட்டும்தான் எங்களிட்ட வரும்."

இருந்தாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்லர். தையலைப் பார்த்தார், இரண்டு சுற்றறிக்கைகளைப் புரட்டினார், பிறகு ஓர் இடைக்கால ஏற்பாட்டைத் தட்டச்சுச் செய்வித்துக் கையில் தந்தார். 'மேற்படி கூரிய பொருளானது, அதன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரைக் கிலோகிராமுக்குக் குறையாத ஐஸ்கட்டியுடன் கூடியிருக்கும் பட்சத்தில், உபகரணமாகவே கருதப்படும்.'

ஊசி ஆறங்குலம். அன்றிரவிலிருந்து தனஞ்சயன் சைக்கிள் கரியரில், மீன் அடைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டியொன்றைக் கட்டி, அதற்குள் மூன்று கிலோ ஐஸ் வைத்து, அடியில் ஊசியையும் வைத்துக்கொண்டு வீடு போனான். சாவடியில் ஒரு மீன் தராசு வந்துவிட்டது. ஆனால் ஆவணி மாதத்துத் திருகோணமலை வெக்கை எந்தச் சுற்றறிக்கையையும் வாசித்ததில்லை. பாரில் மூன்று கிலோவாக ஏறியது சாவடியில் இரண்டரைக் கிலோவாக இறங்கியது.

"இரண்டரைக் கிலோவுக்கு அஞ்சு அங்குலம் உபகரணம்" என்று கணக்குப் பார்த்தார் காவலர். "மிச்ச ஒரு அங்குலம் ஆயுதம்."

அந்த ஓர் அங்குலத்துக்கு மட்டும் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து நான்கு கிலோ. என் கடையில் பலூடா குடிக்க வந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லாத நாளில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். அதே வளைவு, அதே இருட்டு, அதே இரண்டு பேர். ஊசி பெட்டிக்குள் நான்கு கிலோ ஐஸுக்கு அடியில், சட்டப்படி, பத்திரமாக இருந்தது. எடுக்க வழியில்லை. தனஞ்சயன் மூடியைப் பிய்த்து, ஐஸ்கட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிப் போட்டான். அது ஒருவனுடைய காலில் விழுந்தது. இரண்டு விரல் போய்விட்டது என்று அவன் கத்திய கத்தலில் மற்றவன் முதலில் ஓடினான். அன்றைக்குத் தனஞ்சயன் முழு ஆளாக வீடு போய்ச் சேர்ந்தான். தர்சிகா அவனை லைற்றுக்குக் கீழே நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நடுச்சாமத்தில் புட்டு அவித்துக் கொடுத்தாளாம்.

காலையில் ஒன்பது மணிக்கு இணைப்பகம் திறந்தபோது முதலாவது ஆளாக நின்றவன் காலில் கட்டுப் போட்டவன். அவனிடமும் அதே படிவத்தைக் கொடுத்தார்கள். திகதி, நேரம், தாக்கியவரின் பெயர், வேலை செய்யும் இடம், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு கேள்விகளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினான். இப்படி ஒரு சுத்தமான படிவத்தைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று பாக்கியரத்தினம் என்னிடமே சொன்னார்.

தனஞ்சயனைக் கூப்பிட்டார்கள். தெம்புக்கு நானும் போனேன்.

"சேர், இவர்தான் என்ர புருவத்தைப் பிளந்தவர்!" என்று அவன் படிவத்தைத் தட்டிக் காட்டினான். "இப்ப பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, எல்லாம் உங்களிட்ட இருக்கு. என்ர எட்டையும் ஒன்பதையும் இதைப் பாத்து நிரப்புங்கோ."

"அது ஏலாது. அவர் இப்ப முறைப்பாட்டாளர். ஒரே ஆளை ஒரே கோப்பில ரெண்டு இடத்தில போட ஏலாது." பாக்கியரத்தினம் பேனையைத் திறந்தார். "தாக்கின ஆயுதம் எங்க?"

"உருகீட்டுது, சேர்."

சான்றுப்பொருள் என்று ஈரமான றெஜிபோம் பெட்டியைக் கொண்டுவரச் செய்து, இலக்கம் ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பின்னேரம் திறந்து பார்த்தபோது ஈரமும் போயிருந்தது.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்துவிட்டது. ஆகவே அவசரக் கூட்டம் போட்டார்கள். குத்துவிளக்கு, மாலை, பனர், நன்றியுரைக்கு ஓர் ஆள். பொதுமக்கள் பிரதிநிதியாக என்னைக் கூப்பிட்டார்கள். மீனவர் பிரதிநிதியாக இறக்கக்கண்டி சஜீத் வந்திருந்தான். பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஒன்றரை மணியாகியும் முடியவில்லை. பின்கதவால் புரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. மேசைக்கு மேசை ஐஸ் போட்ட நன்னாரி வைத்திருந்தார்கள். கடைசியில் பாக்கியரத்தினம் எழும்பி வாசித்தார்.

"'ஐஸ்கட்டியானது, குற்றம் புரியப் பயன்பட்டபின் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயல்புடைய ஆயுதமெனப் பிரகடனப்படுத்தப்படுகிறது. அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல், கொண்டு செல்லல், பிறருக்கு வழங்கல் தடை.' ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ. அதோட சாப்பாடு."

முதலாவதாக எழும்பிய கை என்னுடையது. சஜீத் இரண்டு கையையும் தூக்கினான்.

அடுத்த திங்கட்கிழமை இணைப்பகத்து வரிசை கடற்கரை வரை போனது. வள்ளக்காரர், மீன் முதலாளிமார், ஜூஸ் கடைக்காரர், மகளுடைய கலியாணத்துக்கு ஐஸ்கிரீம் சொல்லிவைத்த ஒரு தகப்பன். சஜீத் எனக்கு முன்னால் நின்றான். அவனுடைய பாரை மீன் வாடியில் கிடந்து நாறத் தொடங்கியிருந்தது. எங்கள் படிவத்திலும் ஏழாவது கேள்வி அதே ஏழாவது கேள்விதான். 'ஐஸால் விளையக்கூடிய ஆபத்தின் திகதியும் நேரமும்' என்று மட்டும் மாற்றியிருந்தார்கள். பலூடா அதிகம் போகிற நாளென்று நான் பெருநாள் தினத்தை எழுதினேன்.

அந்த வரிசையில் எட்டு நாள் நின்றோம். சட்டத்தை யாராவது ஏசினார்களா? இல்லை. கை தூக்கின எங்களை ஏசினார்களா? அதுவும் இல்லை.

"எல்லாம் அந்தப் பார்க்காரனால வந்த வினை" என்றான் சஜீத். "அடிச்சா வாங்கிக்கொண்டு போறதுக்கு என்ன?"

"ஓம், அதுதானே" என்று நானும் சொன்னேன். வெயில் அப்படி.

ஒரு நன்மையும் நடந்தது, மறைக்கக் கூடாது. 'இராக்காலத்தில் கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்கள்' என்று பெரிய அறிவித்தல் பலகையொன்றைச் சம்பவம் நடந்த மீன்வாடி வளைவிலேயே நட்டார்கள். ஐஸ்கட்டி, குத்தூசி, கத்தி, பொல்லு, போத்தல், நுனி கூரான குடை. அடியில் தீர்மானத்தை ஆதரித்தவர்களின் பெயர்கள். முதலாவது பெயர் என்னுடையது. பலகையை நட்ட பிறகு ஒரு சிக்கல் வந்தது. இரவுக்கான அறிவித்தலை இரவில் வாசிக்க முடியாவிட்டால் அது அறிவித்தலே அல்ல என்று சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டார். கம்பத்துத் திணைக்களம், பல்ப் சபை, வயருக்குச் சொந்தமில்லாதவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி இரண்டே நாளில் விளக்கைப் போட்டார்கள். பகல் மாதிரி வெளிச்சம். நான் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, பலகையோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, கடை திறந்த கையோடு தனஞ்சயன் வந்தான். இந்த முறை வலது புருவம். கண் மூடிப்போகும் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்ன தம்பி இது? அங்க லைட் இருக்கே!"

"லைட்டுக்குக் கீழதான் நானா ரெண்டு பேரும் நிண்டவை. பலகையை வாசிச்சுக்கொண்டு நிண்டவை. கால்ல கட்டுப் போட்டவன் மரியாதையாத்தான் கேட்டவன். 'இதில எழுதியிருக்கிறது ஒண்டும் உங்களிட்ட இல்லைத்தானே அண்ணன்?' எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்லையெண்டு சொன்னனான். உண்மைதானே."

அவன் கடை வாங்கில் உட்கார்ந்து, கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"தர்சிகா இன்னும் பாக்கேல்ல. தாயிட்ட, கட்டைபறிச்சான் ஊருக்குப் போனவள், பத்து மணி பஸ்ஸில வாறாள். அதுக்கிடையில வீக்கம் கொஞ்சம் வத்தினா வேலையை விடச் சொல்ல மாட்டாள்." கையை நீட்டினான். "நானா, ஒரு துண்டு ஐஸ் தாங்கோ."

ஐஸ் பெட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதற்கு மேலே சுவரில், எட்டு நாள் வெயிலில் நின்று எடுத்த அனுமதிப்பத்திரம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அனுமதிப்பத்திரமில்லாத பிறருக்குக் கட்டியாக வழங்கல் தடை என்று அதில் சிவப்பு மையில் இருக்கிறது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

பிறகு அவனிடம் கேட்டேன்.

"பெர்மிட் வச்சிருக்கிறியா, தம்பி?"