வெயிட்டு அண்ணன் ஏறித் தொங்கிய கேட்டு

ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. காலையில் பால் வாங்கினேன். காலண்டர் தாளைக் கிழித்தேன். மறுநாளைக்கு வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். சாயங்காலம் வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய புது வீட்டின் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் எங்கள் கேட்டின் மேல் ஏறித் தொங்கிக்கொண்டு நின்றார். நானும் என் மனைவி கலாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

திருவண்ணாமலையில் வெயிட்டு அண்ணன் ஏறித் தொங்காத கேட்டே கிடையாது. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, கல்யாண மண்டபம், லாட்ஜ் என்று எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறார். இந்த ஊர்த் திருடர்கள்கூட அத்தனை கேட்டு ஏறியிருக்க மாட்டார்கள்.

அவர் கேட்டு செய்பவர். பைபாஸ் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டு செய்து முடித்ததும் பட்டறைத் தூணில் மாட்டி ஒருமுறை, வீட்டில் மாட்டியதும் ஒருமுறை, அடிச்சட்டத்தில் இரண்டு காலையும் வைத்து ஏறி நிற்பார். மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க சார்!" என்பார். வாங்கியவர்தான் தள்ள வேண்டும். கேட்டு அவரைச் சுமந்துகொண்டு போய்த் திரும்பி வரவேண்டும். சத்தமில்லாமல் வந்தால் இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக் காபி கேட்பார். முனகினால் அந்தக் கேட்டு வெளியே போகாது. மாட்டியதாக இருந்தாலும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஒருமுறை கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்குக் கேட்டு மாட்டினார். ஏறினார். தள்ளினார்கள். கேட்டு முனகவே இல்லை. தூண் விழுந்துவிட்டது. தூணோடு கேட்டும், கேட்டோடு அண்ணனும் தரையில் கிடந்தார்கள். ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன் படுத்தபடியே கீலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூணு போச்சு. ஆனா கீலு வுட்டுச்சா பாருங்க!"

சொந்தப் பெயர் அவருக்கு ஒன்று இருக்கத்தான் வேண்டும். கல்யாணப் பத்திரிகையிலேயே 'உயர்திரு வெயிட்டு அவர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிடுவதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எதைக் கண்டாலும் தூக்கிப் பார்த்து எடை சொல்வது அவர் வழக்கம். கல்யாண வீட்டில் சீர்வரிசைக் குடத்தைத் தூக்கி, "ரெண்டரை கிலோ" என்பார். தராசில் வைத்தால் ஒன்றே முக்கால் காட்டும். "தராசு ரிப்பேரு" என்பார். அவர் சொன்ன எடை எனக்குத் தெரிந்து ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதும் இல்லை.

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே அவரிடம் விலை கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கேட்டு கிலோக் கணக்கில்தான் விற்பனை. இன்ன வடிவம், கிலோ இவ்வளவு என்று பேசிக்கொள்வோம். செய்து முடித்ததும் எடை போட்டுப் பணம் கொடுப்போம். "இந்த ரேட்டு ஒரு வாரத்துக்குத்தான் சார். இரும்பு இன்னைக்கு இருக்கறாப்ல நாளைக்கு இருக்காது" என்று அப்போதே சொன்னார். கலா கேட்டில் சூரியன் வைப்பதா, மயில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மயில் என்று முடிவானபோது, வெளிநாட்டிலிருந்து வரும் இரும்புத் தகட்டுக்கு அரசாங்கம் கூடுதல் வரி போட்டிருந்தது.

"அதுக்கும் மயிலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கலா கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை. இருவரும் இரும்புக் கடை பாயிடம் போனோம். அண்ணன் வருஷக்கணக்காகச் சரக்கு எடுக்கும் கடை அது.

"என்னா பாய் இது? உங்ககிட்ட இருக்கறது அத்தனையும் உள்ளூர் பைப்பு. கப்பல்ல வர்ற தகட்டுக்கு வரி போட்டா நம்ம பைப்பு ஏன் ஏறுது?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வெயிட்டு, உனுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். பக்கத்து வூட்டுக் குழம்பு தெனமும் கம்மி வெலைக்கு வந்துகினே இருந்தா உன் வூட்ல அடுப்பு பத்த வெப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் உன் வூட்டு அடுப்பே அணைஞ்சு போவும்ல. அதான் வெளிக் குழம்புக்கு வரி."

"நியாயந்தான். ஆனா எங்க வூட்டுக் குழம்பு ஏன் பாய் வெல ஏறுது?"

"பக்கத்து வூட்டுக் குழம்பு வெல ஏறிடுச்சில்ல? இனிமே உன் வூட்டம்மாவுக்கு என்னா பயம்? அவங்களும் கொஞ்சம் ஏத்திதான் விப்பாங்க. பைப்பு எதுல பண்றான்? தகட்டுலதான பண்றான்? தகடு ஏறினா பைப்பும் ஏறும்."

அண்ணன் அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னார். இரண்டு நாள் அவருக்குக் குழம்பே கிடைக்கவில்லை.

பாய் வரியைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. அவர் மகன் வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுச் சரக்கு குவிந்ததால் ஆளைக் குறைப்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தவன், இப்போது ஓவர்டைம் பார்க்கிறானாம். "புள்ளைக்கு வேலை ஜாஸ்தி, அப்பனுக்கு யாவாரம் கம்மி. எந்தப் பக்கம் பேசறதுனு எனுக்கே தெரியல சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் கணக்கு சுலபமானது. கேட்டுக்கு ஒதுக்கிய பணம் ஒதுக்கியதுதான். அதற்கு மேல் எடுத்தால் மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்காது. கிலோ விலை ஏறினால் கிலோ குறைய வேண்டும். மெல்லிய பைப், குறைந்த கம்பி, சின்ன மயில். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். சிலர் பைபாஸில் புதிதாக வந்த கடையில், காற்றடித்தால் தானே திறந்துகொள்ளும் ரெடிமேட் கேட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் பட்டறையில் வேலை பாதியாகிவிட்டது. அவரிடம் லேசான கேட்டு கேட்பது, சைவ ஓட்டலில் போய் ஆம்லெட் கேட்பது மாதிரி. இருந்தாலும் கேட்டேன்.

அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "பண்றேன் சார். உங்களுக்காக" என்றார்.

செய்தார். ஜூலையில் பட்டறைக்குக் கூப்பிட்டார். தூணில் மாட்டியிருந்த கேட்டு பார்க்க லட்சணமாக இருந்தது. மயில் சின்னதாக இருந்தாலும் திமிராக இருந்தது. அண்ணன் ஏறினார். "தள்ளுங்க சார்!"

தள்ளினேன். கேட்டு பாதி தூரம் போய், வயதானவர் உட்கார்ந்து எழுந்திருப்பதுபோல் ஒரு முனகல் முனகியது.

அண்ணன் இறங்கினார். வேட்டியைத் தட்டவில்லை. காபி கேட்கவில்லை. "தாங்காது சார் இது. தர மாட்டேன்" என்றார்.

"அண்ணே, நீங்க ஏறினாத்தான் முனகுது. எங்க வீட்டுல யாரு கேட்டுல தொங்கப் போறோம்?"

"பசங்க தொங்குவாங்க."

"எங்களுக்குப் பசங்களே இல்லைண்ணே."

"தெருவுல இருக்காங்கல்ல? கேட்டைப் பாத்தா தொங்காத பசங்க எந்தத் தெருவுல சார் இருக்காங்க?"

"இருக்கட்டும். ஒரு பையன் உங்க எடையில கால்வாசி இருப்பானா?"

"நாலு பேரு ஏறினா?"

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. இத்தனை வருஷமாக அவர் அவராக ஏறவில்லை. நான்கு பசங்களாக ஏறிக்கொண்டிருந்தார்.

வீட்டில் வந்து கலாவிடம் சொன்னேன். "கேட்டு இல்லாம பால் காய்ச்ச மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கேட்டு இல்லை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரங்குகள் வந்து பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. வாசலில் கட்டிய வாழையை ஒரு மாடு தின்றது. அந்த வீட்டில் இன்றுவரை எது கெட்டாலும் அந்தக் குரங்கைத்தான் சொல்வார்கள். எங்களுக்கு ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. கேட்டைத் தராத மனிதரையும் கேட்டில்லாமல் வராத மனைவியையும் வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன்.

மறுவாரம் பட்டறைக்குப் போனேன். கேட்டு எடை போடும் தராசு மேடையில் அண்ணன் ஏறி நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"கேட்டுல இரும்பு ஏத்த முடியாது. உங்ககிட்ட பணம் இல்ல. எங்கிட்ட சரக்கு இல்ல. அதனால நான் எறங்கறேன் சார்."

"எங்கேருந்து இறங்கறீங்க?"

"வெயிட்டுலேருந்து. நாலு பசங்க தாங்கலனா போவுது. மூணு பசங்களாவது தாங்கணும். நான் மூணு பசங்க எடைக்கு வந்துடறேன். அப்புறம் ஏறிப் பாக்கலாம்."

வரி போட்டவர்கள் எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். பைபாஸ் ரோட்டில் ஒருவர் இட்லியைக் குறைப்பார் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

இட்லி குறைந்தது. வடை நின்றது. விடிவதற்கு முன் மலையைச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்றைப் பௌர்ணமி அன்று வைத்துக்கொண்டதுதான் தப்பு. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் நூறடிக்கு ஒருவர் அன்னதானம் செய்வார். இங்கே பொங்கல், அங்கே சுண்டல், அடி அண்ணாமலை தாண்டினால் புளியோதரை. கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் பாவம் என்று அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து தராசில் ஏறினால் புறப்பட்டபோது இருந்ததைவிட ஒரு கிலோ கூடியிருந்தது.

"தராசு ரிப்பேராண்ணே?" என்றேன்.

"இன்னைக்குத்தான் சார் அது சரியா காட்டுது" என்றார். முதன்முறையாக அவர் முகத்தில் வருத்தத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு கூட்டமில்லாத நாளாகப் பார்த்துச் சுற்றினார். ஒருநாள் விடியற்காலையில் நானும் கூடப் போனேன். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வழித்துணையாகச் சேர்ந்துகொண்டார். அண்ணன் வியர்த்துக் கொட்ட நடப்பதைப் பார்த்து, "பெரிய வேண்டுதலோ?" என்று பக்தியோடு கேட்டார்.

"கேட்டுங்க" என்றார் அண்ணன்.

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கலைங்க. ஒரு கேட்டு. வேங்கிக்கால்ல. மயில் போட்டது."

பெரியவர் அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளியே நடந்தார்.

வாரங்கள் போயின. அண்ணன் சட்டை தொளதொளத்தது. "எங்க வூட்ல என்னைப் பாத்து, உடம்பு சரியில்லையானு அழுவறாங்க சார். வரினு சொன்னா நம்ப மாட்றாங்க" என்றார். எனக்கே சங்கடமாக இருந்தது. "மாடிப்படிக் கைப்பிடியை அப்புறம் பார்த்துக்கறேன், கூட ரெண்டு கம்பி போட்டுடுங்கண்ணே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாடிப்படில கைப்பிடி இல்லாம உங்க வூட்டம்மா விழுந்தாங்கன்னா? கேட்டு என் வேலை. நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. மறுநாள் விடியற்காலையில் கிரகப்பிரவேசம். கேட்டு மாட்டியாகிவிட்டது. வாழை மரம் கட்டியாகிவிட்டது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பசங்களெல்லாம் எதிர்வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் ஏறினார்.

"தள்ளுங்க சார்!"

எனக்குக் கை வரவில்லை. கலாதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்து தள்ளினாள். கேட்டு நகர்ந்தது. வெயிட்டு அண்ணன் மயிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு போனார். சுவரை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு சத்தம் இல்லை.

பசங்கள் கை தட்டினார்கள். அண்ணன் இறங்கினார். வேட்டியைத் தட்டினார்.

"அம்மா, ஒரு காபி. சக்கர ஜாஸ்தியா" என்றார்.

பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த காபியோடு கலா நான்கு வடையும் எடுத்து வைத்தாள். நான்கும் போயின. பிறகு அண்ணன் சட்டைப் பையிலிருந்து பட்டறை சாக்பீஸை எடுத்து, கேட்டின் உள்பக்கத்தில் அடிச்சட்டத்துக்கு மேலே குனிந்து கோணல் எழுத்தில் எழுதினார்: 'மூணு பசங்க மட்டும்.'

பசங்களைப் பார்த்துத் திரும்பி, "டேய், படிச்சிக்கினீங்களா? நாலாவது ஆளு எறங்கி நின்னு தள்ளணும்" என்றார்.

அவர் போன பிறகு கலா சொன்னாள்: "நாளைக்கு அத்தனை பேரும் வருவாங்க. அந்தக் கிறுக்கலைக் காலையில முதல் வேலையா எடுத்துடுங்க."

ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை பெயின்ட்டையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய், டார்ச் வெளிச்சத்தில், அந்தக் கோணல் எழுத்து கொஞ்சமும் மாறாமல் அதன் மேலேயே எழுதினேன். பசுவும் கன்றும் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிட்டது.