நாற்பது இருபது அண்ணனும் என் இடது புருவமும்

சிங்கப்பூரிலேயே இயந்திரத்துக்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று நுனிக்காலில் நடந்த ஒரே மனிதர் நாற்பது இருபது அண்ணன்தான். அவர் என்னை வழியனுப்ப வந்துகொண்டிருந்தார். நான் ஜூரோங் பட்டறையில் வேலை போய், ஒரு பையோடும் ஒரே ஒரு புருவத்தோடும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மில்லு இப்பத்தான் தூங்கப் போச்சு. இருபது நிமிஷம் இருக்கு. போக பத்து, வர பத்து. வெரசா நட தம்பி."

பஸ் நிறுத்தம் பதினைந்து நிமிடத் தூரம்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பட்டறையில் ஒரு புதுப் பரிசோதனை நடந்தது. அலுமினியத் தூளோடு பீங்கான் போன்ற கடினமான தூளைக் கலந்து, எஃகுக் குண்டுகளோடு ஒரு எஃகுச் சட்டியில் போட்டு மூடி, பேய் பிடித்ததுபோல் ஆட்டுவார்கள். ஆட்டுகிற அந்த இயந்திரம்தான் மில். குண்டுகள் மோதுகிற மோதலில் கடினத் தூள் அலுமினியத்துக்குள் புதைந்துவிடும். அதை அச்சில் அழுத்திச் சூளையில் வைத்தால், லேசான, சீக்கிரம் தேயாத உலோகம். நான் படித்தது ஆறாம் வகுப்பு. இவ்வளவும் அண்ணன் சொல்லித் தெரிந்ததுதான்.

நாற்பது நிமிடம் ஓட்டம், இருபது நிமிடம் ஓய்வு. இல்லாவிட்டால் சட்டி கொதித்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் யாராவது ஸ்பானரைக் கீழே போட்டால், "மெதுவா லா, தூங்குதுல்ல!" என்று அண்ணன் பாய்வார். ஒருமுறை முதலாளி தும்மினார். அண்ணன் மில்லைத் தட்டிக்கொடுத்து, "பாஸுக்குச் சளி, மன்னிச்சுக்க" என்றார்.

அவருக்குக் குடும்பம் கிடையாது. புக்கிட் மேராவில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, மற்ற நாளெல்லாம் இந்த மில்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. கலவை தூளாக வராமல், அடிப்பிடித்த உப்புமாவைப்போல் குண்டுகளில் அப்பிக்கொண்டது. ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெழுகுத்தூள் தீர்ந்துபோய், புதிது கப்பலில் வரவேண்டியிருந்தது. முதலாளி சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து தீர்ப்புச் சொன்னார்: இன்னும் ஒரு சட்டி ஒட்டினால் மில் பழைய இரும்புக்குப் போகும்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே மெழுகுவர்த்தித் துண்டுகள்.

"என்னண்ணே இது?"

"நம்ம கோயில் பீடத்துல எரிஞ்ச மிச்சம். கோயிலப் பாத்துக்கிற கோயில்பிள்ளைகிட்ட கேட்டு வாங்கினேன். அந்த மெழுகுத்தூளும் இதுவும் ஒரே சரக்குதான்."

"பிரார்த்தனையா, வேலையா?"

"ரெண்டும்தான்டா. சீவு."

சீவினேன். சட்டி நாள் முழுக்க நாற்பது இருபது என்று ஓடியது. கடைசி ஓட்டம் முடிந்ததும், "ராத்திரி முழுக்க ஆறணும், காலையில திறக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒட்டியதா, ஒட்டவில்லையா? மூடியைத் திருகினேன்.

சூடான அலுமினியத் தூளுக்குத் திடீரென்று காற்றைக் காட்டக் கூடாது. மில் வெள்ளை வெளிச்சமாகத் தும்மியது. தண்ணீர் வாளியைத் தூக்கினேன். ஓடிவந்த அண்ணன், "தண்ணி பட்டா வெடிக்கும்டா!" என்று அதை எட்டி உதைத்துவிட்டு, உலர்ந்த மணலைக் கொட்டினார். தீ அடங்கியது. மணலைத் துழாவி ஒரு குண்டை எடுத்துத் துடைத்தார். பளபளவென்றிருந்தது. ஒட்டவே இல்லை. மில் பிழைத்தது.

முதலாளி வந்தார். "யார் திறந்தது? அவன் வீட்டுக்குப் போகலாம்."

"நான்தான் பாஸ்," என்றார் அண்ணன்.

முதலாளி அவருடைய இரண்டு அடர்ந்த புருவங்களையும் பார்த்தார். பிறகு என்னுடைய ஒன்றைப் பார்த்தார். "அப்போ இவன் புருவம்?"

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் பாஸ்."

எனக்கு அது எட்டாவது வேலை. அவருக்கு அது ஒன்றுதான். "நான்தான் திறந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தங்குமிடத்துக்குப் பையை எடுக்கப் போனேன். நான் திரும்புவதற்குள் அண்ணன் அடுத்த சட்டியை நிரப்பி, முதல் நாற்பதை ஓட்டி முடித்திருந்தார்.

நடந்தோம். பத்தாவது நிமிடத்தில் நான் நின்றேன். "அண்ணே, திரும்புங்க. மில்லு எழுந்துக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "அந்தப் புருவத்தைச் சொறியாதே. தானா வளரும்," என்றபடி பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

மறுநாள் காலை சிராங்கூன் ரோடு சாப்பாட்டுக் கடை ஒன்றில் மாவரைக்கிற வேலை கிடைத்தது. கொஞ்ச நேரம் ஓடியதும் கிரைண்டரில் கை வைத்துப் பார்த்தேன். சூடு. சுவிட்சை அணைத்தேன்.

"ஏன்டா நிறுத்தினே?" என்று கல்லாவிலிருந்து சத்தம் வந்தது.

"மெதுவாண்ணே. இருபது நிமிஷம் தூங்கட்டும்."

முப்பது நிமிடம் விட்டேன்.