பாகூர்ப் பக்கம் ஒரு பாலைவனம்

பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் நான் என்று இதுவரை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அத்தனை பேரிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், சொந்தக் கரும்புக்குள் குந்திக்கொண்டு, தோகை காதை அறுப்பது கூடத் தெரியாமல் நடுங்கியவன் நான். காரணம், ஒரு செல்போனும் நான் எடுத்த சில போட்டோக்களும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் (சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது). பெயர் கலியபெருமாள். படிப்பு மூணாங்கிளாஸ். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் பைப் தூக்குகிற ஆளாகச் சேர்ந்தவன், இன்று சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறேன். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பாதி வயல் நான் போட்ட ஓட்டையில்தான் தண்ணீர் குடிக்கிறது. (என் மனைவி அஞ்சாலை கணக்கில், கால்வாசி.)

மூன்று வருடத்துக்கு முன் ஷர்மிளா என்று ஒரு பெண் டவுனிலிருந்து வந்து எங்கள் ஊரில் கூட்டம் போட்டாள். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் பாலையாகிறதே, அதன் அறிகுறிகளை, அதாவது மண் மொட்டையாகிறதா, உப்புப் பூக்கிறதா, பச்சை குறைகிறதா என்பதையெல்லாம் பல நாட்டு ஊர்களிலிருந்தும் சேர்த்து, இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் போடப்போகிறார்களாம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஊருக்கு ஒரு ஆள், மாதம் ஒரு முறை, குறித்த வயல்களில் நின்று போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.

"உங்கள்ல யாராவது..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே என் கை மேலே இருந்தது.

"ஐயா என்ன படிச்சிருக்கீங்க?"

"மத்தவங்க பூமிய மேலாக்க படிச்சவங்கம்மா. நான் முந்நூறு அடி உள்ள போயி படிச்சவன்."

கூட்டம் கை தட்டியது. (ஏழெட்டுப் பேர். அதில் மூன்று பேர் என் லாரி ஆட்கள்.)

எழுத்துத் தெரியாதவனுக்கும் ஏற்ற மாதிரிதான் அந்த ஆப்பைச் செய்திருந்தார்கள். குறித்த வயலில் போய் நின்றால் பச்சை டிக் விழும். போட்டோ எடுத்து அமுக்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதல் வயல், மச்சான் முறை ஆகிற ஏழுமலையுடையது. போனைத் தூக்கினேன். குறுக்கே வந்து நின்றான்.

"மாமா, இத யாரு பாப்பாங்க?"

"ஒலகமே பாக்கும்டா!"

அவன் முகம் செத்துவிட்டது. "பயிரு பால் புடிக்கிற நேரம் மாமா. ரோட்டுல போறவன் கண்ணுக்கே சட்டியில பொட்டு வெச்சு கவுத்திகினு கீறோம். ஒலகத்துக் கண்ணு பட்டா தாங்குமா? என்னுத வுட்டுட்டு மத்தவனுங்குத எடு. வெளிய மட்டும் சொல்லாத."

நியாயம்தானே என்று அடுத்த வயலுக்குப் போனேன். அவரும் காதோடு காதாக அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவரும். 'என்னுத மட்டும் வுட்டுடு' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது.

என் மூளை வேலை செய்தது. நிற்கிற இடம் சரியாக இருந்தால் டிக் விழுகிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? பயிருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். வண்டிப்பாதை, நெல் அடித்த களம், செங்கல் சூளைப் பள்ளம், ஏரிக்கரையில் உப்புப் பூத்த மூலை எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்று மாதம் இப்படியே ஏற்றினேன். படித்தவர்களையே ஏமாற்றியவன் என்று அஞ்சாலையிடம் மார் தட்டினேன்.

"இது எங்க போயி முடியுமோ" என்றாள் அவள்.

நாலாவது மாதம் ஷர்மிளா போன் செய்தாள். "ஐயா, மேப்புல உங்க ஊரு மட்டும் ஒரே சிவப்பா வருது. சுத்தி எல்லாம் பச்சை. எங்க பெரிய சார் பயந்துட்டார். வியாழக்கிழமை நேர்ல வர்றார்."

போனை வைத்துத் திரும்பினால் வாசலில் ஏழுமலை. அவனுடைய பழைய போர் மண் அடைத்துத் தூர்ந்துவிட்டது. புது போருக்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்று விட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"மாமா, டீக்கடையில சொல்றாங்க, மேப்புல சிவப்பு வுழுந்த ஊருக்கு இனிமே போர் அனுமதியே கிடையாதாம். என் நாத்து முத்திகினு கீது. ஆபீஸ்ல எவன் மாமா இந்தச் சிவப்ப அடிச்சவன்? கையில கெடச்சான்னா தூந்த போர்லயே தலைகீழா எறக்கிடுவேன்."

"எறக்கணும்டா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதிலிருந்து மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் ஓடினேன். கையில் விலங்கோடு நான் கொம்யூன் ஆபீஸ் படியேறுவது போலக் கனவு. அதில் பின்னால் ஊரே மண்வெட்டியோடு வந்தது.

வியாழக்கிழமை ஜீப் வந்ததும் கரும்புக்குள் நுழைந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அஞ்சாலையின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "அந்தாண்ட பாருங்க சார், வெள்ளச் சட்டை தெரியுது. அதான் எங்க வூட்டுக்காரர்."

தோகை கிழித்த காதோடு வெளியே வந்தேன். தொப்பி போட்ட பெரிய சார் என் போட்டோவை ஒரு கையில் பிடித்தபடி எதிரே பார்த்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் நெல்.

"இந்தப் போட்டோ எடுத்த இடம் எங்கே?"

ஏழுமலை உள்பட ஊரே நின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "இதே எடந்தான் சார். பாலையாத்தான் கெடந்துது. நான் போர் போட்டேன். மூணே மாசம், பச்சையாயிடுச்சு!"

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் நோட்டை எடுத்தார். "அப்போ இன்னும் ஆபத்து. போர் போட்டுப் போட்டு வந்த பச்சை சீக்கிரமே காயும். இந்த ஊர்ல இனிமே ஒரு போரும் வேண்டாம்னு எழுதிடறேன்."

ஏழுமலை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "சார், என் நாத்து..." என்றான்.

அவர் பேனா மூடியைத் திறந்தார். ஊர் அடிக்குமா, போலீஸ் பிடிக்குமா என்று தெரியவில்லை. அவன் நாற்று மட்டும் கண்ணில் நின்றது.

"சார், எழுதாதீங்க! ஒலகத்துக் கண்ணு படும்னு பயந்து, பயிருக்கு முதுகக் காட்டிகினு எடுத்தேன். அத்தினியும் பொய்யி."

ஊர் மண்வெட்டியைத் தேடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஏழுமலை மெதுவாக எழுந்தான். "நாந்தான் சார் என்னுத எடுக்காதன்னேன்." அவனுக்குப் பின்னால் ஒருவர் இருமினார். "நானுந்தான்." இன்னொருவர், "அட, நீயுமா? என்னுத மட்டுந்தான் வுடறேன்னு சொன்னாரு!" என்று கேட்க, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பெரிய சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். "பொழுது சாயறதுக்குள்ள எல்லா வயலையும் திரும்ப எடுக்கணும்" என்றார்.

யாரும் வழி விடவில்லை. கண் பட்டுவிடுமோ என்ற பயம் அப்படியேதான் இருந்தது. அஞ்சாலைதான் வீட்டுக்குப் போய் கண்மை டப்பாவைக் கொண்டுவந்தாள். செல்போன் கேமராக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அப்படியே திரும்பி, பெரிய சார் முன்னாலேயே என் கன்னத்திலும் ஒன்று. "இவரு மேலதான் மொத கண்ணு பட்டுது." அதற்குப் பிறகுதான் ஊர் வழிவிட்டது.

மேப்பில் ஊர் பச்சையானது. உப்புப் பூத்த ஏரிக்கரை மூலை மட்டும் இன்றும் சிவப்புதான். அது பொய்யில்லை. அங்கே மாதாமாதம் ஒழுங்காக நின்று எடுக்கிறேன். ஏழுமலைக்கு அனுமதி வந்தது. நாற்று இன்னும் முற்றுவதற்குள் நானே போய் போர் போட்டேன். (முந்நூறு அடி. அஞ்சாலை கணக்கில், இருநூறு.)

ஏதோ ஒரு நாட்டு விஞ்ஞானி எங்கள் ஊர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, எல்லா வயலிலும் ஒரே மூலையில் தெரிகிற அந்தக் கருப்புப் புள்ளி என்ன பயிர் நோய் என்று கேட்டு எழுதினாராம். ஷர்மிளா என்ன பதில் போட்டாள் என்று இதுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் கொஞ்சம் நிமிர்ந்து பேச ஆரம்பித்தால் போதும், அஞ்சாலை மை டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடுவாள். இதை எழுதி முடித்து அஞ்சாலைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள். டப்பா வந்துவிட்டது.