நளினியின் நன்னடத்தைக்குச் சுந்தரராஜ் சாட்சி

நளினி எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகிவிட்டாள் என்றதும் மாரிகுப்பத்தில் அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் மைசூர் பாகு போனது. சும்மாவா? நாற்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, ப்ரைவேட்டாகப் பணம் கட்டி எழுதி, அறுநூற்று இருபத்தைந்துக்கு நானூற்று எழுபது மார்க். அவள் கணவர் சுந்தரராஜ் பெருமை தாங்காமல் மூன்று துண்டு சாப்பிட்டார். நாலாவதை வாயில் போட்டபோதுதான் நளினி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இன்னாங்க, ஒயிட்ஃபீல்டுல ஒரு ஆஸ்பத்திரில ஸ்டோர் ரூம் வேலை கெடச்சிடும் போலக் கீது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா போதுமாம். இனிமே ரெண்டு பேரும் ஒரே ட்ரெயின்ல ஜோடியா போலாம்."

மைசூர் பாகு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஒரே ட்ரெயினா?"

"ஒரே ட்ரெயினு, ஒரே பொட்டி. எனக்கும் ஜன்னலோரமா ஒரு சீட்டு புடிச்சி வையுங்க."

இதற்குப் போய் ஒரு மனிதன் ஏன் வெளிறிப்போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சுந்தரராஜுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலின் நாலாவது பெட்டி. வீடு நளினியுடையது. டிவி ரிமோட் நளினியுடையது. அவர் மீசை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதுகூட நளினியின் இலாகா. ஆனால் நாலாவது பெட்டியில் அவர்தான் தலைவர். நாலு பேர் முழங்காலில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ரம்மி. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நடுநடுவே தலைவர் தன் குடும்ப நிர்வாகத்தைப் பற்றி உபதேசம் செய்வார்.

"அடிக்கணும் திட்டணும்னு ஒண்ணும் இல்ல பரத்து. ஒரு பார்வை போதும். நான் ஒரு பார்வை பாத்தேன்னு வெச்சிக்கோ, நளினி காபிய ஆத்தினே ஓடியாருவா" என்பார். கூட ஆடும் பரத்துக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். காலையில் காபி போட்டு, தான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, நளினிக்கு ஒரு டம்ளர் சூடு ஆறாமல் மூடி வைத்துவிட்டு ஓடிவந்தவர் தலைவர்தான் என்பது அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரியாது. அங்கே நளினி வந்து உட்கார்ந்தால்? ராஜ்யம் வழியில் வரும் பங்காரப்பேட்டை ஜங்ஷனைக்கூடத் தாண்டாது.

உயிரே போனாலும் அவளை அந்த ரயிலில் ஏறவிடுவதில்லை என்று சுந்தரராஜ் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். நளினி எதிரிலேயே இருந்தாளே.

கடவுளாகப் பார்த்து ஒரு வழியும் காட்டினார். வேலைக்கு எல்லாக் காகிதமும் தயார், நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அதை சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பரீட்சை எழுதின பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, தலைமையாசிரியை பியூலா மேடம் கையை விரித்துவிட்டார். "ப்ரைவேட்டா எழுதினவங்க நடத்தை எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க ஏரியா பெரிய மனுஷர் யாராச்சும், சொந்தக்காரங்களா இல்லாம, ஒரு லெட்டர் குடுத்தா நான் சர்டிபிகேட் குடுக்கறேன்."

அந்த ஏரியாவில் பெரிய மனுஷர் என்றால் சைலஸ் அய்யாதான். நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்து ரிட்டயரானவர். சர்ச் கமிட்டியில் அவர் தும்மினால் தீர்மானம். கையெழுத்து மட்டும் லேசில் விழாது. சொந்த மச்சான் மகன் பாஸ்போர்ட்டுக்கு வந்து நின்றபோதே, "உன்னிய எனக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் போட மாட்டேன்" என்று அனுப்பியவர்.

சுந்தரராஜின் மூளையில் பல்பு எரிந்தது.

"நீ எதுக்கு நளினி வெயில்ல அலையற? சைலஸ் அய்யாகிட்ட நான் போறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த நளினி நிமிர்ந்தாள். "நீங்களா?"

"ஏன், பொண்டாட்டிக்கு இதுகூடச் செய்ய மாட்டனா?"

"போன மாசம் கேஸ் புக் பண்ணச் சொன்னதுக்கே தலைவலின்னு படுத்துக்கினீங்க."

"அது கேஸு. இது உன் எதிர்காலம்."

நளினி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, போங்க. ஆனா இல்லாததெல்லாம் சொல்லி என்னைத் தூக்கி வெக்காதீங்க. வீட்ல நான் எப்பிடியோ அத அப்பிடியே சொல்லுங்க, போதும்."

சுந்தரராஜுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. பொய் சொல்கிற பாவம்கூட இல்லை! இருபத்திரண்டு வருஷத்து உண்மை நெஞ்சில் மூட்டை மூட்டையாக அல்லவா கிடக்கிறது!

சைலஸ் அய்யா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"இத பாருப்பா சுந்தரராஜ். புருஷன் வந்து நின்னு பொண்டாட்டியத் தங்கம் வைரம்னா, நான் நம்பற ஆளு இல்ல."

"யாருங்கய்யா தங்கம்னு சொன்னது?" சுந்தரராஜ் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேட்டா நீங்களே பேனாவத் தொட மாட்டீங்க."

அய்யா குழாயை மூடினார். "உக்காரு. சொல்லு."

"டைம் விஷயத்துல ராட்சசிங்கய்யா. அஞ்சு நிமிஷம் லேட்டானா, எங்க, ஏன், யாருகூடன்னு கேள்வி."

"எத்தினி நாளா?"

"இருபத்திரண்டு வருஷமா! ஒரு நாள் லீவு வுட்டதில்ல."

"ம்ம்." அய்யா ஒரு தாளை எடுத்தார்.

"சரியான சந்தேகப் பிராணி. கேஸ் ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டா. அவளே போயித் திருகிப் பாப்பா. கதவப் பூட்டிட்டேன்னா இழுத்துப் பாப்பா."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை!"

அய்யா பேனாவைத் திறந்தார். "அப்புறம்?"

"யாருக்கும் பயம் கெடையாது. எடையில கொறையுதுன்னா எவ்ளோ பெரிய கடைக்காரனா இருந்தாலும் மறுபடி நிறுக்க வெச்சிட்டுத்தான் நகருவா. கட்டின புருஷன்னு ஒரு தயவு தாட்சண்யம்? ம்ஹூம். போன வாரம் பாத்திரம் சரியா வெளக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்கய்யா!"

"யாரை, வேலைக்காரியவா?"

"என்னிய!"

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "ஒரு வேலைய எடுத்தா வுட மாட்டா. பரிச்ச சமயத்துல ஜுரம். நூத்திரெண்டு டிகிரி. புக்கக் கீழ வெக்கலியே! நான்தான் பக்கத்துல உக்காந்து நெத்தில ஈரத்துணி போட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அது கோபமா பாசமா என்று அவருக்கே விளங்கவில்லை.

அய்யா எழுதி முடித்து, உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். "எப்பிடித்தான் குடும்பம் நடத்தறியோ, பாவம்" என்றார். "பியூலா மேடம் கையில நீயே குடு. வழியில பிரிக்கக் கூடாது."

சுந்தரராஜ் விசிலடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார். பியூலா மேடம் உறையைக் கிழித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாகவே படித்தார்.

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. முப்பத்துநாலு வருஷம் ஆட்களைப் பூமிக்கு அடியில் இறக்கி, உயிரோடு மேலே ஏற்றியவன் நான். எதையும் ஒரு தடவை சோதிப்பவன் சாதாரண ஆள். இரண்டு தடவை சோதிப்பவனை நம்பித்தான் நான் ஆள் ஏறின கூண்டைச் சுரங்கத்தில் இறக்குவேன். திருமதி நளினி இரண்டு தடவை சோதிப்பவர். இருபத்திரண்டு வருஷமாக நேரம் தவறாதவர். யாருக்கும் அஞ்சாதவர். கட்டிய கணவனுக்கும் சலுகை காட்டாத நேர்மை உள்ளவர். காய்ச்சலிலும் கடமையை விடாதவர். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்லவென்றே வந்த ஒருவர் கண்ணீரோடு சொன்னார். இதைவிட நம்பகமான சாட்சியை நான் பார்த்ததில்லை. பின்குறிப்பு: இதைக் கொண்டுவருபவர் தனக்கும் சான்றிதழ் கேட்டால் தயவுசெய்து என்னிடம் அனுப்ப வேண்டாம்."

பியூலா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படிப்பட்டவங்களையா நான் திருப்பி அனுப்பினேன்!" சான்றிதழை எடுத்து, 'நடத்தை' என்ற இடத்தில் 'மிக மிக மிக நன்று' என்று எழுதினார்.

"ஒரு 'மிக' போதுமே மேடம்" என்றார் சுந்தரராஜ்.

"பாருங்க, உங்களுக்கும் அவங்களை மாதிரியே கண்டிப்பு" என்று மேடம் முத்திரையைக் குத்தினார்.

வீட்டில் நளினி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை படித்தாள்.

"சைலஸ் அய்யா போன் பண்ணாரு" என்றாள். "எல்லாம் சொன்னாரு."

சுந்தரராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நளினி, அது வந்து..."

"எதுக்கு பயப்படறீங்க? நானே போயிருந்தா ஒரு வரி எழுதியிருப்பாரா? போன வருஷம் பக்கத்து வீட்டு தாயம்மா அவங்க பொண்ணப் புகழ்ந்து புகழ்ந்து பேசி, வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. புகழ்ந்தா அவரு நம்ப மாட்டாரு. குத்தம் சொன்னாத்தான் காது குடுப்பாரு. என்னப் பத்தி மனசாரக் குத்தம் சொல்றதுக்கு ஊர்ல உங்கள வுட்டா யாரு கீறாங்க?"

"அப்போ தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

"ஒரே ட்ரெயின்னு சொல்லலன்னா நீங்க அந்த வீட்டு கேட்டத் தொட்டிருப்பீங்களா?"

"அப்போ ஒரே ட்ரெயின் இல்லியா?"

"எனக்கு வேலை பதினோரு மணிக்குத்தாங்க. நான் அடுத்த ட்ரெயின்ல போயிக்குவேன். உங்க பொட்டில எனக்கு இன்னா வேலை?"

சுந்தரராஜுக்கு உலகமே ஒரு நிமிஷம் நின்று, பிறகு மேளதாளத்தோடு சுற்றியது. ராஜ்யம் பிழைத்தது! நாலாவது பெட்டி பிழைத்தது! பெண்டாட்டிக்கு வேலையும் ஆச்சு, தலைவர் பதவியும் மிச்சம். "நளினி, நீ உக்காரு, நான் போயி காபி போட்டாரேன்" என்று துள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"சக்கரை கம்மியா" என்று நளினி பின்னாலிருந்து சொன்னாள். "அப்புறம், பியூலா மேடம்கிட்ட போன வாரமே இன்னொரு அப்ளிகேஷனும் வாங்கியாந்தேன். உங்களுக்குப் பத்தாவதுல கணக்கு ஒண்ணுதான பாக்கி? இருபத்தொம்பது வருஷமா? போக ரெண்டரை, வர ரெண்டரை, அஞ்சு மணி நேரம் சும்மாத்தான உக்காந்துனு போறீங்க. புக்க உங்க பையில வெச்சிட்டேன். பரத்துகிட்டயும் பேசிட்டேன்."

திங்கட்கிழமை விடியற்காலை, நாலாவது பெட்டியில், பரத் சீட்டுக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: "தலைவரே, அக்கா மொதல்ல வாய்ப்பாடு கேக்கச் சொன்னாங்க. பன்னெண்டாவது சொல்லுங்க, பாக்காம."