உன் மகன் ஊட்டும் உற்சாகம்

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் மகனும் நலம். அவன் ரொம்ப நலமாக இருப்பதுதான் எங்கள் பட்டறைக்கே தலைவலி.

நீ கெஞ்சினாயே என்று முதலாளியிடம் பேசி அவனைப் புத்தகம் கட்டும் பட்டறைக்கு மேலாளராகச் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. வந்த அன்றே, "மாமா, எல்லாரையும் எனர்ஜைஸ் பண்ணணும்" என்றான். டீ வாங்கிக் கொடுடா, தன்னால் தெம்பு வரும் என்றேன். கேட்டால்தானே! பசையைக் காய்ச்சி இறக்கினதும் சூட்டோட புத்தக முதுகுல தடவணும், ஆறினா கல்லாயிடும். இவன் சரியா அந்த நேரம் பார்த்து விசில் ஊதி, எல்லாரையும் வட்டமா நிறுத்தி, கைதட்டு, குதி, 'நம்மால முடியும்'னு கத்துன்னு உயிரை வாங்குறான். தையல் அக்காவுக்கு முட்டி வலி, அவங்களும் குதிக்கணுமாம். நேத்து கை கோர்த்து நிக்கச் சொன்னான். பசைக்கையோட எப்படிடா கோர்க்கிறதுன்னு நான் கேக்கறதுக்குள்ள கணக்கர் என் கையைப் பிடிச்சுட்டார். ஒட்டிக்கிச்சு! வெந்நீர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரி நின்னோம். அவருக்கு போன் வந்தா நானும் கூடவே ஓடுறேன். சிரிக்காதே.

புது அட்டை போட ஒரு பழைய ஆங்கில அகராதி வந்திருந்தது. அதில் அந்த 'எனர்ஜைஸ்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். தெம்பு கொடுக்கிறதுன்னு அர்த்தம், சரி. வேர் கிரேக்கமாம், 'உள்ளே'ங்கிறதும் 'வேலை'ங்கிறதும் சேர்ந்து பிறந்ததாம். வேலைக்குள்ள இருக்கிறதுதான் தெம்பு! வேலையை நிறுத்திட்டுக் குதிக்கிறதுன்னு எந்த மூலையிலயும் போடல. அவன்கிட்ட காட்டினேன். "சூப்பர் மாமா, நாளைக்கு வட்டத்துல நீங்களே இதைப் பேசுங்க"ன்னான். தலையில அடிச்சுக்கிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. பாடப் புத்தகம் பாதிகூடக் கட்டி முடியல. "நேரத்துக்குப் போகலைன்னா மாமனும் மருமகனும் சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்பிடுங்க"ன்னு முதலாளி சொல்லிட்டார். இந்த வயசுல எனக்கு வேற யாரும்மா வேலை கொடுப்பா? அதனால கடிதம் கண்டதும் உனக்கு மயக்கம், படபடப்புன்னு எதையாவது சொல்லி அவனைக் கூப்பிட்டுக்கோ.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க, அவனையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்க.

இப்படிக்கு,
இன்னும் ஒரு கை சரியாக விரியாத
உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், ஞாயிறு வந்துவிட்டது. உன் மகன் நேத்து விசிலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, தையல் அக்கா பக்கத்துல உக்காந்து பசை தடவ ஆரம்பிச்சான். கோணல்மாணலாத்தான். "வேலைக்குள்ள வந்துட்டேன் மாமா, சரியா?"ன்னான். அவனைப் பார்த்துட்டு, வீட்டுக்குக் கிளம்பினவங்களும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத் திரும்ப உக்காந்துட்டாங்க. இன்னைக்குப் பாடப் புத்தகம் கடைசிக் கட்டு வரைக்கும் வண்டியில ஏறிடுச்சு. ஏறினதும் யாரோ ஒரு ஆள் கைதட்டிக் குதிச்சுட்டான். நான்தான். எழுதினது வீணாகக் கூடாதேன்னு அனுப்புறேன். அவனைக் கூப்பிட்டுடாதே.