மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு கல்நெஞ்சன்

மனித குலம் அவசரப்பட்டுச் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் எங்கும் போக வேண்டிய அவசியமே வந்திருக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் உலகத்தைக் காட்டும் நேரலைக் கேமராக்களைச் சொல்கிறேன். கோபுரம், பாலம், நீரூற்று என எல்லாம் என் வரவேற்பறைக்கே வந்து போகின்றன. செருப்பு தேய்வதில்லை. 'உலக நேரலைப் பயணிகள் பேரவை'யின் நிரந்தரத் தலைவர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. உலகத்தையே பார்ப்பவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? 'பயணத்தின்போது' கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது பேரவையின் முதல் விதி. 'பார்வையாளர் எதிலும் தலையிடக் கூடாது' என்பது இரண்டாவது. இரண்டும் நான் இயற்றியவை.

அன்று எங்கள் ஊர் மணிக்கூண்டின் முறை. வீட்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம்தான். ஆனால் நேரில் போனால் தூசி, இரைச்சல், நாலு பேர் இடித்துக்கொண்டு போவார்கள். திரையில்தான் அதற்கு ஒரு கம்பீரம். அதை ஒட்டிய கண் மருத்துவமனையில்தான் அன்று என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. "முடிஞ்சதும் போன் பண்றேன். வந்து கூட்டிட்டுப் போடா, தனியா வர முடியாது" என்று சொல்லியிருந்தாள்.

"ஒரு மணி அடிச்சா போதும்க்கா, பறந்து வந்துடுவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விதிப்படி கைபேசியை உள்ளே போட்டுப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மணிக்கூண்டின் கீழே ஒரு பெண்மணி தோன்றினார். தலையில் துண்டு, ஒரு கண்ணில் கட்டு, கையில் பை. போனைக் காதில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். கணினியில் பேரவை களைகட்டியது.

"பாவம், யாரோ வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று எழுதினார் பல் டாக்டர்.

"போனைக்கூட எடுக்கல பாருங்க. மனுஷனா அவன்?" என்று பொங்கினார் கணக்கு டீச்சர்.

மழை பிடித்துக்கொண்டது.

"கண்ணு ஆபரேஷன் போல இருக்கு. தண்ணி படவே கூடாது" என்றார் பல் டாக்டர். "அந்த ஊர்ல நம்ம ஆளு யாராவது இருக்கீங்களா? ஓடிப் போய் ஒரு குடை பிடிக்கலாமே?"

ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். கேமராக் கண்ணாடியில் மழைத்துளி வழியும் காட்சி தினமும் கிடைக்காது. ஆகவே இரண்டாவது விதியை நினைவூட்டினேன். அதற்காகப் பேரவைக்கு இதயம் இல்லை என்று ஆகிவிடுமா? உடனே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: 'இப்பெண்மணியைத் தவிக்கவிட்டு எங்கோ சொகுசாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கல்நெஞ்சனை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது.' ஏகமனதாக நிறைவேறியது.

"தலைவர்னா இவர்தான்" என்றார் டீச்சர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது அடுத்த அறையிலிருந்து என் மனைவி போனும் கையுமாக வந்தாள். "ஏங்க, அக்கா உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சு போய் எனக்குப் பண்ணாங்க. மழையில நிக்கிறாங்களாம். ஒதுங்கி நின்னா நீங்க வரும்போது தேடுவீங்களேன்னு மணிக்கூண்டை விட்டு நகரலையாம். நீங்க என்ன..."

திரையைப் பார்த்தாள்.

"இதைத்தான் இவ்வளவு நேரமா பாத்துட்டு இருந்தீங்களா?"

திரையை உற்றுப் பார்த்தேன். அது எங்கள் வீட்டுத் துண்டு. இழுப்பறையைத் திறந்து கைபேசியை உருவிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைவர் பதவி ஏற்றபின் நான் ஓடியது அதுதான் முதல் தடவை.

"வந்துட்டியா" என்றாள் அக்கா. திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

குடையை விரித்துப் பிடித்தேன். "நீதான்னு தெரியலக்கா" என்றேன்.

"எனக்குத்தான்டா கண்ணுல கட்டு" என்றாள்.

சட்டைப் பையில் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்தேன். பல் டாக்டர்.

"வந்துட்டான்! அந்தக் கல்நெஞ்சன் வந்துட்டான்! தலைவரே, எங்க போயிட்டீங்க? சீக்கிரம் வந்து பாருங்க!"

அண்ணாந்து கேமராவைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் டீச்சரிடமிருந்து அடுத்த செய்தி வந்தது.

"அந்த மூஞ்சியப் பாருங்க தலைவரே. வெக்கமே இல்லாம நம்மளையே பாக்குது."